ஈசானிய மூலையில் உடைந்த பீங்கான்

சாலையோரம் வந்து நின்ற பிக்கப் வண்டியின் இன்ஜின் அணையவே இல்லை. அதுதான் முதலில் என்னை உறுத்தியது.

நெடுஞ்சாலை ஓரமெல்லாம் புளூபானெட் பூத்து நீலம் பாய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை காலை. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் கேட்டி என்ற ஊரிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் புல்வெளி. பத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வாங்கியிருந்த நிலம். ஆளுக்கொரு தோட்ட வீடு, பொதுவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் என்று திட்டம். கோயில் வரவேண்டிய ஈசானிய மூலையைப் பூமி பூஜைக்கு முன்னால் சுத்தம் செய்ய எல்லாரும் வந்திருந்தார்கள். நான் நிலத்தை அளக்க வந்திருந்தேன். நில அளவை ஆபீசில் அப்போது எனக்கு இரண்டாவது வருடம்.

வசந்தி ஆன்ட்டி தோட்டத்துக் கையுறையை மாட்டிக்கொண்டு, புல்லுக்குள் கிடந்த உடைந்த தட்டு, கோப்பை, ஜாடி மூடி, சிப்பி எல்லாவற்றையும் பொறுக்கிக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். எவனோ வருஷக்கணக்காகக் குப்பையைக் கொட்டியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே பொறுக்கினார். புளியோதரை வாசனையும் ஈரப் புல் வாசனையும் கலந்து வந்தன.

வண்டிக்குள் ஒரு கறுப்பினப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். ஜன்னலில் முழங்கையை ஊன்றி, கைப்பேசியை எங்கள் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார்.

வசந்தி ஆன்ட்டியின் கணவர் ராஜசேகர் அங்கிள்தான் இந்தத் திட்டத்துக்குத் தலைவர். எண்ணெய்க் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். "எல்லாரும் வேவ் பண்ணுங்க. நெய்பர்ஸ்கிட்ட ஃபர்ஸ்ட் டேயே நல்ல பேர் எடுக்கணும்" என்றார். பத்துக் குடும்பமும் கையை ஆட்டியது. அந்தப் பெண்மணி ஆட்டவில்லை. கைப்பேசியைக்கூட அசைக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து வண்டி மெதுவாக நகர்ந்து போனது.

"போலீஸுக்கு அனுப்புவாளோ?" என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் அவரைச் சந்தேகப்பட்டோம்.

நான் இன்னொன்றையும் சந்தேகப்பட்டேன். அந்த மூலையில் அளவுக் கோலை வைத்த இடமெல்லாம் மட்டம் இறங்கியது. இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது. எல்லாப் பள்ளமும் ஆளுயர நீளம். எல்லாம் கிழக்கு மேற்காக. ஒன்றிரண்டு மட்டும் சிறியவை. என் குறிப்பேட்டில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

எந்தப் பக்கம்?

சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு, நெல்லையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: அத்தனை தூரத்தில் நம் ஆட்களைப் பார்த்தால் ஆறுதலாக இருக்குமே?

இருக்கும். ஆனால் அந்த ஆறுதல் ஒரு கேள்வியைத் தாண்டித்தான் வரும். "எந்த ஊரும்மா?" என்பதோடு அது நிற்காது. பொள்ளாச்சிப் பக்கம் என்றால், பொள்ளாச்சியில் எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்கிறார்? குலதெய்வம் எது? கேட்பவர் முகத்தில் சிரிப்பு மாறாது. கண் மட்டும் கொஞ்சம் காத்திருக்கும்.

என் அப்பா காளியப்பன் தேங்காய் உரிக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். சிவில் இன்ஜினியரிங், பிறகு இங்கே மேற்படிப்பு, பிறகு வேலை. அமெரிக்காவில் என் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர்தான். ஆபீசில் எல்லாரும் 'மிஸ் காளியப்பன்' என்று கூப்பிடும்போது ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு சிலிர்ப்பு ஓடும். அதை மறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

ராஜசேகர் அங்கிளும் எங்கள் மாவட்டம்தான். "நம்ம பொண்ணு சர்வே கம்பெனில இருக்கா" என்று பெருமையோடுதான் இந்த வேலையை எங்கள் ஆபீசுக்குக் கொண்டுவந்தார். முதல் சந்திப்பிலேயே எந்தப் பக்கம் என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, காபி நன்றாக இருக்கிறது என்று பேச்சை மாற்றினேன். அவர் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் மறக்கவில்லை.

வெள்ளம் ஏறாத மேடு

அந்த நிலத்துக்குப் பக்கத்து ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரு பெட்ரோல் பங்க், மாட்டுத் தீவனக் கடை, இரண்டு தேவாலயங்கள், ரயில் நிற்காத ஒரு பழைய ரயில் நிலையம். அவ்வளவுதான் ஊர்.

தீவனக் கடைக்காரர் என்னிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி, நீங்கள் மொத்தம் எத்தனை பேர் வரப்போகிறீர்கள் என்று விசாரித்தார். பிறகு, வாரக் கடைசிக்கு மட்டுமா, நிரந்தரமாகவா என்று விசாரித்தார். குரலில் மரியாதை இருந்தது. நான் மீதிச் சில்லறையை எண்ணாமலே வெளியே வந்துவிட்டேன்.

பழைய ரயில் நிலையத்து வாசலில் ஓர் உலோகப் பலகை. ஊர் வரலாறு. யார் முதலில் வந்தார், எப்போது பருத்தி ஆலை வந்தது என்றெல்லாம் இருந்தது. கடைசியில் ஒரே ஒரு வரி: விடுதலை பெற்ற அடிமைகளின் ஆற்றோரக் குடியிருப்பு ஒரு வெள்ளத்துக்குப் பிறகு கலைந்துபோனது.

வெள்ளம். அந்த ஆறு எங்கள் நிலத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. அந்த நிலத்தின் ஏற்ற இறக்கம் எல்லாம் அப்போது என் விரல் நுனியில் இருந்தது. ஈசானிய மூலைதான் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே மேடு. அதை மூழ்கடிக்கும் வெள்ளம் வந்திருந்தால், இந்த ரயில் நிலையத்தின் கூரையில் மீன் நீந்தியிருக்கும்.

காரணம் எழுதிய பலகையை நம்பக்கூடாது என்று எனக்கு வேறோர் இடத்தில் தெரிந்திருந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் எங்கள் தெரு ஒருமுறை எரிந்தது. எரித்தவர்களை எல்லாருக்கும் தெரியும். காகிதத்தில் மின்கசிவு என்று எழுதினார்கள். எங்கள் தெருவுக்கு மின்கம்பம் வந்ததே நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போதுதான்.

பெருக்கல் குறி

திங்கட்கிழமை கவுண்டி, அதாவது மாவட்டப் பத்திர ஆபீசுக்குப் போனேன். எல்லை தெரிய வேண்டும் என்றால் பழைய பத்திரங்களைத் தேடுவது எங்கள் வேலையின் ஒரு பகுதி. யாரும் எதுவும் கேட்கவில்லை. தலையணை கனத்தில் புத்தகங்கள். திறந்தால் பழைய தோல் வாசனை.

முதலில் கிடைத்தது ஒரு பள்ளிக்கூடத்துக்கு நிலம் எழுதிக் கொடுத்த பத்திரம். அந்த ஆற்றோரக் குடியிருப்பின் பள்ளிக்கூடம். பொறுப்பாளர்கள் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து ஐசேயா என்பவருடையது. முதல் எழுத்தை உயரமாக எழுப்பி, கடைசி எழுத்தின் வாலைப் பெயருக்கு அடியில் கோடாக இழுத்திருந்தார். அது பழகிப் பழகி வந்த கையெழுத்து. எழுத்தின் மேல் ஆசை இருப்பவரின் கையெழுத்து.

சில வருடங்கள் தள்ளி, வேறொரு புத்தகத்தில் அதே ஐசேயாவின் பெயர். இந்த முறை அவர் தன் நிலத்தை விற்கிறார். கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. எழுதப் படிக்கத் தெரியாததால் தன் குறியை இட்டார் என்று பக்கத்தில் குமாஸ்தாவின் எழுத்து.

அடுத்த பக்கம் அவருடைய பக்கத்து நிலம். பெருக்கல் குறி. அதற்கடுத்த பக்கம். பெருக்கல் குறி. ஒரே வாரத்தில் அந்தக் குடியிருப்பே கைமாறியிருந்தது. எல்லாக் குறியும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. அத்தனை பேருடைய கையும் ஒரே மாதிரி சாயாது.

அன்று மதியம் காரில் உட்கார்ந்தபடியே அப்பாவுக்குப் போன் செய்தேன். மூன்றாம் வகுப்பில் என் சிலேட்டை வைத்து அவருக்கு நான்தான் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்தேன். சிமெண்டு மூட்டைக் காகிதத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க எழுதிப் பழகினார்.

"கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டதுக்கப்பறம் எப்பவாச்சும் கைநாட்டு வெச்சிருக்கீங்ளாப்பா?"

"ஏங் கண்ணு, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்ளா?" என்றார். எங்கள் வீட்டில் எந்தக் கேள்விக்கும் முதல் பதில் இதுதான்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா கேட்கிறேன் என்றேன்.

"ரேசன் கடையில மிசின்ல வெரல வையின்னாங்க. தேங்கா உரிச்சு உரிச்சு என்ர ரேகையே அதுக்குத் தெரியல. அப்பறம் நோட்ட வாங்கிக் கையெழுத்தப் போட்டுட்டு வந்தேன். கேக்காட்டியும் போடுவேன். கத்துக்கிட்டத எதுக்கு உடறது?"

கையெழுத்துப் போடக் கற்றவர் மறுபடி கீறல் போடமாட்டார். ஐசேயா அந்தப் பத்திரத்தைத் தொட்டே இருக்கமாட்டார் என்று எனக்கு அப்போது உறுதியாகிவிட்டது.

மிச்ச நேரம் அந்த உடைந்த பீங்கானைப் பற்றித் தேடிப் படித்தேன். இறந்தவர் கடைசியாகப் புழங்கிய தட்டையும் கோப்பையையும் உடைத்துக் குழியின் மேல் வைப்பது இந்தப் பகுதிக் கறுப்பின மக்களின் பழைய வழக்கம் என்று இருந்தது. நாமும் சுடுகாட்டில் குடம் உடைக்கிறவர்கள்தான். அந்த மூலையில் கிடந்தது மண்பானை ஓடாக இருந்திருந்தால் எங்களில் ஒருவரும் தொட்டிருக்கமாட்டோம். சுற்றிக்கொண்டு போயிருப்போம். பீங்கானாக இருந்ததால் குப்பை என்று நினைத்தோம்.

கேட்டியில் மறுநாள் குப்பை வண்டி வரும் நாள்.

கராஜில் ஒரு பை

சாயங்காலம் ராஜசேகர் அங்கிள் வீட்டுக் கதவைத் தட்டினேன். வசந்தி ஆன்ட்டிதான் திறந்தார்.

"கராஜ்லதாம்மா இருக்கு பை. ஏன், உன் மோதிரம் கீதிரம் அதுல விழுந்துடுச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லச் சமையலறை ஜன்னலைக் காட்டினார். அங்கே ஒரு நீலக் கோப்பை. விளிம்பு உடைந்தது, கைப்பிடி இல்லாதது. அழகாக இருக்கிறதே என்று கழுவி எடுத்துவந்து, அதில் ஓமவல்லித் தண்டு ஒன்றை நட்டு வைத்திருந்தார்.

"இதுல இருந்து இலை கிள்ளி நேத்து பஜ்ஜி போட்டேனே" என்று சொல்லிவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போனார்.

அங்கிள் சோபாவிலிருந்து எழுந்து வந்தார். முழுவதும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"பாரும்மா. நாலு உடைஞ்ச பிளேட்டு. அதை வெச்சு ஒரு மயானமே கட்டிடுவியா?"

பள்ளங்களைப் பற்றிச் சொன்னேன். பத்திரங்களைப் பற்றிச் சொல்லவில்லை. அவரை நான் அந்த அளவுக்கு நம்பவில்லை.

அவர் பொறுமையாகத்தான் பேசினார். பத்துக் குடும்பத்தின் கனவு அது. ஈசானிய மூலையில் பிணம் கிடக்கிறது என்று தெரிந்தால் கோயில் எப்படி வரும், சம்பந்தி வீட்டாரை அந்த வீட்டுக்கு எப்படிக் கூப்பிடுவது, சுடுகாட்டுப் பக்கத்தில் எந்த மனுஷன் வீடு கட்டுவான் என்று அடுக்கினார். பொய் எழுதச் சொல்லவில்லை, அந்த மூலையைச் சரியாக அளக்க முடியவில்லை என்று விட்டுவிடு, அவ்வளவுதான் என்றார்.

"உன் கிரீன் கார்டுக்கு இன்னும் அப்ளையே பண்ணலல்ல? இந்த டைம்ல உனக்கு எதுக்கு கான்ட்ரவர்சி? அந்த ஜனங்க உனக்கு என்ன சொந்தமா?"

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பழைய கேள்வி சிரிப்பில்லாமல் வெளியே வந்தது.

"உங்க வீடு எந்தப் பக்கம்னு சொன்னே? ஊருக்குள்ளயேவா?"

"ஊருக்கு வெளிய, அங்கிள். சுடுகாட்டுப் பக்கத்துத் தெரு. நாங்க அங்கதான் வீடு கட்டியிருக்கோம்."

அவர் போய் மறுபடி சோபாவில் உட்கார்ந்தார்.

ஆன்ட்டி ஈரத் தலையோடு வந்தார். கோப்பையை எடுத்துத் தரச் சொன்னேன். "நீயே எடுத்துக்கோம்மா" என்று ஓரடி விலகி நின்றார். அந்த ஓரடி கோப்பைக்காகவா, எனக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நகரும் வேலி

அந்தப் பிக்கப் வண்டியைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. நிலத்திலிருந்து அரை மைல் தள்ளி, அந்தச் சாலையில் இருந்த ஒரே வீட்டின் முன்னால் நின்றது. கம்பி வேலி, கொக்கி மாட்டிய கதவு. அவர் பெயர் லோரெய்ன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"யார் அனுப்பினார்கள்?"

யாரும் அனுப்பவில்லை என்றேன்.

"அளவை முக்காலியும் கையுமாக நீ நின்றதைப் பார்த்தேன். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் போன பிறகு வேலி எங்கள் பக்கம் நகர்ந்திருக்கும்."

எனக்கு அந்த முக்காலியின் மேல் அத்தனை பெருமை. எங்கள் ஊரில் அதைத் தூக்கிக்கொண்டு வருபவரைப் பார்த்தால் தாசில்தாரே வந்ததுபோல் எழுந்து நிற்பார்கள். அதை இன்று நான் தூக்குகிறேன் என்று படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரியும் என்று நான் யோசித்ததே இல்லை.

என் காரின் பின்கதவைத் திறந்து கறுப்புப் பையைக் காட்டினேன். அவர் முகம் மாறவில்லை. பையின் வாயைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கிறதா?"

"எல்லாம் இருக்கிறது. இந்தக் கோப்பையும்."

ஐசேயாவின் இரண்டு கையெழுத்துகளைப் பற்றியும் சொன்னேன். என் அப்பாவைப் பற்றியும் சேர்த்துச் சொன்னேன். அவரிடமிருந்து ஆச்சரியத்தை எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிதாக எதையோ கண்டுபிடித்துக் கொண்டுவந்தவள்போல நின்றேன்.

"அது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்" என்றார். "ஐசேயா என் பாட்டனுக்கு அப்பா. பத்திரத்தில் தேதி போட்ட அன்று அவர் ஆற்றுக்கு அக்கரையில் நாணலுக்குள் ஒளிந்து கிடந்தார். முதலில் பள்ளிக்கூடத்தை எரித்தார்கள். பிறகுதான் வீடுகள்."

செத்தவர்களைப் புதைக்க இரண்டு நாள் கழித்து இருட்டில் திரும்பி வந்தார்களாம். கல் வைக்கப் பயம். அதனால் தட்டும் கோப்பையும் மட்டும். பிறகு பிழைத்தவர்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போய்விட, இவருடைய பாட்டனார் மட்டும் பல வருடம் கழித்து வந்து இந்த அரை மைல் தூரத்தில் குடியேறியிருக்கிறார். லோரெய்னின் அப்பா ஒருமுறை கவுண்டி ஆபீசுக்குப் போய் அங்கே எங்கள் கல்லறைகள் இருக்கின்றன என்று சொன்னபோது, வரைபடம் இருக்கிறதா என்று கேட்டார்களாம்.

"இருக்கவில்லை. வரைபடம் போடுகிறவர்கள் எங்களுக்காக வருவதில்லை."

சந்தேகம் எடுத்த படம்

திருப்பி வைக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் பேச்சில்லை. எது எந்தக் குழிக்கு என்பதுதான் தெரியவில்லை. நாற்பது ஐம்பது துண்டுகள் ஒரே பையில் கலந்து கிடந்தன. லோரெய்ன் சிறுவயதில் அப்பாவோடு ஒருமுறை உள்ளே போயிருக்கிறார். அதன் பிறகு நிலத்தின் உரிமையாளர்கள் மாற மாற, அத்துமீறல் பலகைதான் பெரிதாகிக்கொண்டு வந்தது. சாலையில் நின்றே பார்த்திருக்கிறார்.

சட்டென்று தன் கைப்பேசியை எடுத்தார். அந்தச் சனிக்கிழமை எடுத்த வீடியோ. ஷெரிப்பிடம் காட்டுவதற்காக எடுத்தது. கால் மணி நேரமும் வசந்தி ஆன்ட்டிதான். நன்றாகப் பெரிதாக்கி எடுத்திருந்தார். ஆன்ட்டி குனிகிறார், ஒரு துண்டை எடுக்கிறார், பையில் போடுகிறார், இரண்டடி நகர்கிறார். நான் ஒரு மூலையில் கோலோடு நிற்கிறேன். நான் நின்ற ஒவ்வொரு இடமும் என் கருவியில் பதிவாகியிருந்தது; அதிலிருந்து ஆன்ட்டி குனிந்த இடத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

அன்று இருட்டும்வரை நாங்கள் திருப்பி வைக்கும் வேலையைச் செய்தோம். அளவை வேலை முடியும்வரை உள்ளே போக எனக்கு அனுமதி இருந்தது. லோரெய்னுக்கு இல்லை. நான் கூப்பிட்டும் அவர் வேலியைத் தாண்டவில்லை. என்னோடு வந்து மாட்டிக்கொள்ள விருப்பமில்லை என்று நேராகவே சொன்னார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் உட்கார்ந்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இடது, இன்னும் இடது, அந்தப் பச்சைப் பூப் போட்டது அங்கே என்று சொல்லச் சொல்ல நான் வைத்தேன். கட்டெறும்பு போலக் கடிக்கிற சிவப்பெறும்புகள் கணுக்காலைப் பதம் பார்த்துவிட்டன. படத்தில் தெளிவாகத் தெரியாத துண்டுகளை நடுவில் தனியாக வைத்தோம். பொய்யாக ஓர் இடத்தைச் சொல்ல அவருக்கு மனமில்லை.

நீலக் கோப்பை ஒரு சின்னப் பள்ளத்துக்கு உரியது. "அது குழந்தை" என்றார்.

கோப்பையில் இருந்த செடியைப் பார்த்து என்ன என்று கேட்டார். இருமலுக்கு நல்லது என்றேன். வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, செடியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"இது உங்களுடையது."

அது இப்போது என் பால்கனியில் தயிர் டப்பாவில் இருக்கிறது.

பெயர்

இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. பதிவில் இல்லாத கல்லறையைக் கண்டவர், கண்ட சில நாட்களுக்குள் கவுண்டி ஆபீசில் அதைப் பதிய வேண்டும். பதிந்துவிட்டால் அந்த நிலத்தை வேறெதற்கும் பயன்படுத்த முடியாது. உறவினர்கள் வந்து போக வழி விட வேண்டும்.

என் முதலாளியிடம் போனேன். லைசன்ஸ் அவருடையது, வரைபடத்தில் கையெழுத்துப் போடுவது அவர்தான். பள்ளங்களின் அளவுகளைக் காட்டினேன். கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அப்படியானால் நம் வரைபடத்தில் அது இருக்கும், ஆனால் பதிவு மனுவில் கண்டவரின் பெயர்தான் போடவேண்டும், கண்டது நீ என்றார். இதில் ஏதாவது சூது இருக்கிறதா, நாளை என்னைக் கைவிடுவதற்கா இப்படிச் சொல்கிறார் என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்தேன்.

வாட்ஸாப்பில் இருந்த தமிழ்க் குழுவிலிருந்து அதற்குள் என்னை எடுத்துவிட்டிருந்தார்கள். கேட்டியில் என் விசாவைப் பற்றி எனக்கே தெரியாத செய்திகள் உலவின. பயமாக இருந்தது. பயமில்லை என்று எழுதினால் அது பொய்.

வழக்கமாக நான் போடும் கையெழுத்து ஒரு கிறுக்கல். அன்று அப்படிப் போடவில்லை. பூங்கொடி காளியப்பன் என்று ஒவ்வோர் எழுத்தாக, யாரும் பிற்காலத்தில் வேறொன்று என்று சொல்லிவிட முடியாதபடி எழுதினேன். பெயரை எழுதவேண்டிய இடத்தில் பெயரைத்தான் எழுதினேன்.

மனு பதிவானது. அங்கிளின் குழு மீதி வேலையை வேறோர் ஆபீசுக்குக் கொடுத்துவிட்டது. கோயில் திட்டத்தைத் தென்பக்கம் நகர்த்தியிருக்கிறார்கள் என்று கேள்வி. அதற்குப் பிறகு போட்ட என் கிரீன் கார்டு மனுவும் நகர்கிறது, மற்றவர்களுடையதைப் போலவே ஆமை வேகத்தில். ஆனாலும் நான் யாரையும் நம்பிவிடவில்லை. அந்த மூலை இல்லாத வேறொரு வரைபடம் வந்திருக்கிறதா என்று திங்கள்தோறும் கவுண்டி பதிவேட்டைப் பார்க்கிறேன். இந்தத் திங்களும் பார்த்தேன்.

பதிவான பிரதியை எடுத்துக்கொண்டு போன அன்று லோரெய்ன் அதே கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்துக்கு நேராகப் போனார். பிறகு கையை நீட்டினார்.

"உன் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டு."

கொடுத்தேன். உரிமத்தில் இருந்த பெயரையும் காகிதத்தில் இருந்த பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டி, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"உன் அப்பா இதைப் பார்த்தாரா?"

"படமெடுத்து அனுப்பினேன்."

"என்ன சொன்னார்?"

"எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாகப் போட்டிருக்கலாம் என்றார்."

அவர் சிரிக்கவில்லை. உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கதவின் கொக்கியைத் தூக்கினார். வண்டியில் ஏறச் சொன்னார். காகிதத்தை முன்கண்ணாடிக்குக் கீழே, வெளியே இருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி வைத்தார்.

அரை மைல்தான். ஈசானிய மூலை வந்ததும் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினார். முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த காகிதத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.